பெயரா, ஆளா? பாம்படூர் கொண்டை போடுமுன் தீர்மானிக்க வேண்டியவை

நாடகத்துக்கோ குறும்படத்துக்கோ, பழங்கால உடையில் ஒரு படப்பிடிப்புக்கோ "பாம்படூர் வைத்துவிடுங்கள்" என்று கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். மதாம் டி பாம்படூர் வாரிக்கொண்ட தலை வேண்டுமா, அவர் பெயரைச் சொல்லி இன்று வழங்கும் தலை வேண்டுமா? இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 150 ஆண்டுகள் இருக்கின்றன. இதைத் தீர்க்காமல் சீப்பைக் கையில் எடுத்தால், எவ்வளவு அழகாக முடித்தாலும் தவறான தலைதான் மேடையேறும்.

மதாம் டி பாம்படூரின் இயற்பெயர் ழான் அந்துவானெத் புவாசோன். 1721 டிசம்பர் 29 அன்று பாரிஸில் பிறந்தவர். 1745 பிப்ரவரியில் வெர்சாய் அரண்மனையில் நடந்த முகமூடி நடன விருந்துக்குப் பிறகு பிரெஞ்சு அரசன் பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகியானார். அதே ஆண்டில் பாம்படூர் என்ற நிலத்தின் சீமாட்டிப் பட்டமும் கிடைத்தது. 1764 ஏப்ரல் 15 அன்று, 42 வயதில் காசநோயால் இறக்கும் வரை அரசனின் நம்பிக்கைக்குரியவராக அரண்மனையிலேயே இருந்தார். அவரைப் பலர் பலமுறை வரைந்திருக்கிறார்கள். பூஷே 1756இல் தீட்டிய ஓவியம் மியூனிக்கில் இருக்கிறது. லா டூரின் வண்ணச்சுண்ண ஓவியம் லூவரில். துருவே வரைந்த கடைசி ஓவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெற்றி முழுவதும் திறந்திருக்கும். முடி மண்டையோடு ஒட்டிப் பின்னுக்குப் போயிருக்கும். ஓரங்களில் சின்னச் சுருள்கள். கோபுரம் என்று சொல்ல எதுவும் எந்தப் படத்திலும் இல்லை.

வெள்ளைப் பஞ்சு மலை போல எழும்பும் கொண்டை 1770களுக்கு உரியது, மரி அந்துவானெத்தின் காலம். அவர் அரசியானது 1774இல். பாம்படூர் இறந்து அப்போது பத்து ஆண்டு ஆகிவிட்டது. வாடகைக் கடையில் கிடைக்கும் உயர வெள்ளை விக்கை எடுத்து பாம்படூர் வேடத்துக்கு வைப்பதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. பார்ப்பவர்களில் பாதிப் பேர் அவரை மரி அந்துவானெத் என்றே நினைப்பார்கள்.

ஆகவே கையில் உள்ள தேர்வுகள் நான்கு: பாம்படூருக்கு இரண்டு தலைமுறை முன் இன்னொரு ஆசைநாயகியின் பெயரால் எழுந்த ஃபோந்தாஞ், பாம்படூரே வாரிக்கொண்ட 1750களின் தாழ்ந்த தலை, அவர் பெயரைத் தாங்கிய 1900 வாக்கிலான உயர்ந்த கொண்டை, 1950களில் ஆண்களிடையே பரவிய பாம்படூர்.

தொலைவிலிருந்து தெரிய வேண்டுமானால் ஃபோந்தாஞ்

பெயருக்கும் பெண்ணுக்கும் நேரடித் தொடர்பு இருப்பது இதில்தான். மரி அஞ்செலிக் டி ஸ்கொராய், பதினான்காம் லூயியின் ஆசைநாயகி. 1680இல் ஃபோந்தாஞ் சீமாட்டி ஆனவர். வேட்டைக்குப் போன இடத்தில் முடி அவிழ்ந்துவிட, கையில் கிடைத்த நாடாவால் உச்சியில் முடிந்துகொண்டாராம். அரசனுக்கு அது பிடித்துப்போக, மற்ற பெண்களும் மறுநாளே அப்படி முடிந்தார்களாம். கதை எப்படியோ, தொடக்கம் வெறும் நாடா முடிச்சு. அவர் 1681இல், இருபது வயது வாக்கில் இறந்துவிட்டார். கம்பிச் சட்டம் வைத்து, கஞ்சி போட்ட துணியும் லேஸும் அடுக்கடுக்காக எழுப்பிய ஃபோந்தாஞ் 1690களில்தான் முழு உருவம் பெற்றது. பெயர் கொடுத்தவர் அதைப் பார்க்கவே இல்லை. பாம்படூருக்கும் அதே கதிதான் என்பதைக் கீழே பார்ப்போம்.

அதன் உயரம் இரண்டு அடிக்கும் மேல் என்று அரசவையில் வாழ்ந்த சேன் சிமோன் எழுதியிருக்கிறார். மேடைக்கு அவ்வளவு வேண்டாம். 22 செ.மீ. உயரம் கடைசி வரிசைக்கும் தெரியும், கழுத்தும் தாங்கும்.

1.2 மி.மீ. தடிமனுள்ள பித்தளைக் கம்பி மூன்று மீட்டர் வாங்குங்கள். ஒரு காதின் மேலிருந்து உச்சி வழியாக மறு காதின் மேல் வரை சுமார் 30 செ.மீ. நீளத்தில் அடிப்பட்டையை வளைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் விசிறி போல மூன்று வளைவுகள்: பின்னால் 22 செ.மீ., நடுவில் 17, முன்னால் 12. கால்களை அடிப்பட்டையில் மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டி, எல்லா முனைகளையும் துணிப்பட்டையால் சுற்றிவிட வேண்டும். சுற்றாமல் விட்ட முனை முதல் அரைமணி நேரம் தெரியாது. அதற்குப் பிறகு மண்டையைக் குத்திக்கொண்டே இருக்கும். சட்டம் சற்று முன்னோக்கிச் சாய வேண்டும். நேராக நின்றால் கிரீடம் போலவும், பின்னால் சாய்ந்தால் மயில்தோகை போலவும் ஆகிவிடும்.

துணிக்கு மெல்லிய மல் போதும். மடிப்பு வைத்த பிறகு எவ்வளவு அகலம் வேண்டுமோ அதைப் போல மூன்று மடங்கு எடுங்கள், 25 செ.மீ. வரிசைக்கு 75 செ.மீ. துணி. பருத்திப் புடவைக்குப் போடும் ஜவ்வரிசிக் கஞ்சியே இங்கும் சரி, ஆனால் கெட்டியாக. அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியைக் கண்ணாடியாகும் வரை காய்ச்சி, துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டாவிட்டால் இஸ்திரி போடும்போது வெள்ளைத் திட்டுகள் எழும். துணியைத் தோய்த்துப் பிழிந்து, முழுக்கக் காயுமுன், கையில் ஈரம் தட்டும் நிலையிலேயே ஒரு செ.மீ. மடிப்புகளாக வைத்து இஸ்திரி போடுங்கள். காய்ந்த பிறகு போட்டால் மடிப்பு நிற்காது. கடலோர ஊர்களில் எந்தக் கஞ்சியும் மாலைக்குள் தளரும். அதனால் ஒவ்வொரு வரிசையின் மேல் ஓரத்திலும் மீன்பிடி நைலான் இழையை மடித்துத் தைத்துவிடுவது நல்லது.

சட்டம் நழுவுவதுதான் மேடையில் இதற்கு வரும் பெரிய ஆபத்து. வழுவழுப்பான முடிமேல் கம்பி நிற்காது. உச்சியில் நான்கு செ.மீ. சதுரம் பிரித்து, சின்னப் பின்னல் போட்டு, தட்டையாகச் சுருட்டி, பாபி பின்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகுங்கள். இதுதான் அடிமனை, சட்டத்தை இதில்தான் கோக்க வேண்டும். முன்முடியில் நடுவகிடு எடுத்து, இருபுறமும் ஒவ்வொரு சுருளை மேல்நோக்கிக் கொம்பு போல நிறுத்த வேண்டும். பின்கொண்டையைச் சிறு துணித்தொப்பி மூடும். அதிலிருந்து இரண்டு லேஸ் தொங்கல்கள் தோளில் விழும்.

செய்ய இரண்டு நாள் ஆகும். நிகழ்ச்சி நாளில் இருபது நிமிடத்தில் பொருத்திவிடலாம். குட்டை முடிக்காரருக்கும் வைக்கலாம் என்பது இன்னொரு வசதி.

பாம்படூரே வேண்டுமானால்

1740, 50களில் நெருக்கச் சுருள் வைத்த தலையைப் பிரெஞ்சுக்காரர்கள் செம்மறி ஆட்டுத்தலை என்றே அழைத்தார்கள். ஆட்டின் உரோமம் போலச் சுருள் சுருளாக இருந்ததால் அந்தப் பெயர். பார்க்க எளிது, நான்கில் மிகவும் கடினமானது இதுதான், குறிப்பாக நம் போன்ற நீண்ட, தடித்த, கறுப்பு முடியில்.

நெற்றி ஓரத்திலிருந்து எட்டு செ.மீ. அகலத்துக்குக் காது முதல் காது வரை பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை செ.மீ. கற்றைகளாக எடுத்து, செட்டிங் லோஷன் தடவி, 10 மி.மீ. சுருள் குச்சிகளில் சுற்ற வேண்டும். 25 முதல் 30 குச்சி பிடிக்கும். காய இரவு முழுவதும் விடுங்கள். டிரையரில் காயவைத்தால் குச்சியைக் கழற்றுமுன் முடி முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அரைமணியில் சுருள் அலையாகத் தளர்ந்துவிடும். கழற்றிய சுருளைச் சீப்பால் தொடாதீர்கள். விரலில் சுற்றி, காதுக்கு மேல் மூன்று வரிசையாக ஊசி குத்துங்கள். நெற்றிக்கு நேர் மேலே உள்ள முடி மட்டும் பின்னோக்கி, இரண்டு செ.மீ.க்கு மேல் எழாமல் போக வேண்டும். பின்முடியை மேலே வாரிப் பின்னி, உச்சியில் தட்டையாகச் சுருட்டி வைத்து, ஒரு பக்கமாகச் சின்னத் துணிப்பூவோ நாடாவோ செருகினால் ஆயிற்று.

முன்முடி இடுப்பு வரை இருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. நீளம் கூடக்கூட ஒவ்வொரு சுருளும் தடித்துக்கொண்டே போகும்; ஆட்டுத்தலை உருளைக்கிழங்கு மூட்டை ஆகிவிடும். அதற்காக யாரும் முடியை வெட்ட வேண்டாம். சொந்த முடியை வழவழவெனப் பின்னுக்கு வாரிவிட்டு, குட்டைச் சவுரி முடியில் சுருள் செய்து, ஒரு நாடாவில் தைத்து, காதோரம் வைத்துவிடலாம்.

அடுத்தது பொடி. அக்காலத்தில் கொழுப்பில் செய்த களிம்பைத் தடவி, அதன்மேல் மாவுப்பொடி தூவினார்கள். களிம்பு இல்லாமல் பொடி ஒட்டாது, இன்றும் அப்படியே. பழுப்பு முடியில் அந்தப் பொடி மென்சாம்பலாகத் தெரியும். கறுப்பு முடியில் முதல் பூச்சு பொடுகு போலத் தெரியும், இரண்டாவது நீலம் பாயும், நான்காவது பூச்சில்தான் ஓவியத்தில் உள்ள சாம்பல் வரும். அதற்குள் தோள், மேசை, தரை எல்லாம் வெள்ளை. சோளமாவு பயன்படுத்துங்கள், டால்கம் மூச்சில் போனால் நுரையீரலுக்கு நல்லதல்ல. முகத்தைக் காகிதக் கூம்பால் மூடிக்கொண்டு, தோளில் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு தூவ வேண்டும். மிதக்கும் மாவுத்தூளும் ஹேர் ஸ்பிரேயும் தீப்பிடிக்கக் கூடியவை. காட்சியில் மெழுகுவர்த்தி இருந்தால் பொடிவேலையை வேறு அறையில் முடித்துவிட்டு வாருங்கள். நெருக்கக் காட்சி இல்லையென்றால் சாம்பல் நிறத் தாழ்ந்த விக் வாங்கிக்கொள்வதே சரியான முடிவு. இதைக் குறைவாக யாரும் நினைக்க வேண்டாம்.

பெயர்தான் வேண்டுமானால் 1900

1890களில், நெற்றியிலிருந்து எழுப்பிப் பின்னுக்கு வாரும் பாணி மீண்டும் வந்தபோது பாம்படூரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அமெரிக்க ஓவியர் சார்லஸ் டானா கிப்சன் வரைந்த இளம்பெண்களின் தலை இதுதான். ஜப்பானிலும் அடுத்த சில ஆண்டுகளில் இதையொட்டிய ஒரு பாணி வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹிசாஷிகாமி, அதாவது இறவாரக் கூந்தல். வீட்டுக் கூரை சுவரைத் தாண்டி நீள்வதைப் போல நெற்றிக்கு மேல் முடி நீண்டு நிற்பதைப் பார்த்து வைத்த பெயர். இந்தக் கொண்டை எப்படி அமைய வேண்டும் என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

உள்ளே ஒரு திண்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் எலி என்று செல்லமாகச் சொல்வார்கள். சீப்பில் வரும் உதிர்ந்த முடியைச் சேர்க்க அப்போது அலங்கார மேசையில் மூடியில் ஓட்டையுள்ள சின்னக் கிண்ணம் இருந்தது. சவுரிக்காக உதிர்ந்த முடியைப் பொட்டலம் கட்டி வைத்த வீடுகளுக்கு இது புதிதாகத் தெரியாது. சொந்த முடியில் செய்த திண்டுக்கு நிகர் கிடையாது: நிறம் ஒன்றாக இருப்பதால் இடுக்கில் தெரிந்தாலும் கண்ணில் படாது, எடையும் இல்லை, ஊசியையும் பிடித்துக்கொள்ளும். ஷாம்பூ போட்டு அலசிக் காயவைத்த முடி 30 கிராம் வரை எடுத்து, அதே நிற நைலான் வலையில் அடைத்து, 40 செ.மீ. நீளத்தில், நடுவில் ஐந்து செ.மீ. பருமனும் முனைகளில் இரண்டு செ.மீ. பருமனுமாக உருட்டித் தையுங்கள். விரலால் அழுத்தினால் உடனே எழும்ப வேண்டும். பழைய காலுறை, பஞ்சு இரண்டும் வேண்டாம்: பஞ்சு அமுங்கினால் எழாது, காலுறை வழுக்கும்.

முந்தின நாளே தலை குளித்து எண்ணெய் இல்லாமல் வரச்சொல்லுங்கள். அன்று காலையே குளித்த முடி வழுக்கும். எண்ணெய்த் தலையில் பேக் கோம்பிங், அதாவது முடியை வேர்ப்பக்கம் தள்ளி வாருவது, நிற்கவே நிற்காது. நெற்றி, காதோரம், பிடரி என்று தலையைச் சுற்றி ஆறு செ.மீ. பட்டையை விட்டுவிட்டு நடுமுடியை உச்சியில் இறுக்கிக் கட்டுங்கள். திண்டை அந்தப் பிரிவுக் கோட்டின்மேல், நெற்றி விளிம்பிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி, காது முதல் காது வரை வையுங்கள். ஊசி குத்தும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. திண்டில் மட்டும் குத்தினால் திண்டு தனியாகவும் தலை தனியாகவும் ஆடும். கொண்டை ஊசியை முதலில் மண்டையை ஒட்டிய முடியில் செருகி, அப்படியே திருப்பித் திண்டின் ஓரத்தைக் கவ்வி, மீண்டும் முடிக்குள் இறக்க வேண்டும், தையல் போடுவது போல. ஆறு ஏழு இடத்தில் இப்படிப் பிடித்த பிறகு தலையைக் குனிந்து உலுக்கச் சொல்லுங்கள். அசைந்தால் மேற்கொண்டு போகாதீர்கள்.

பிறகு முன்முடியை மூன்று செ.மீ. கற்றைகளாக எடுத்து, வேர்ப்பக்கம் மட்டும் உள்ளிருந்து மூன்று நான்கு முறை கீழ்நோக்கித் தள்ளி வாருங்கள். எல்லாவற்றையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டு, ஒரே வீச்சில் திண்டுமேல் பின்னுக்கு எடுத்து, முனையை ஒருமுறை முறுக்கி, உச்சிக்கட்டோடு சேர்க்க வேண்டும். முறுக்கியதும் அரை அங்குலம் முன்னோக்கித் தள்ளுங்கள். நெற்றிக்கு மேல் அந்த இறவாரம் நீள்வது இந்தத் தள்ளலில்தான். இதை விட்டுவிட்டால் வெறும் பஃப் வைத்த மாதிரி இருக்கும். நம் பார்லர்களில் கல்யாணப் பெண்ணுக்கு முன்னால் வைக்கும் பஃப் உச்சியில் எழும். இது நெற்றி விளிம்பிலேயே எழுந்து பக்கங்களையும் பிடரியையும் சுற்றிவர வேண்டும். வால் சீப்பின் முனையால் மேல்முடியை மட்டும் வழித்துவிட்டு, உச்சியில் மிச்ச முடியைச் சின்னக் கொண்டையாகச் சுற்றி, கடைசியில் ஸ்பிரே. முன்னாலேயே ஸ்பிரே அடித்தால் முடி கற்றை கற்றையாக ஒட்டி, இடையில் திண்டு தெரியும்.

முதலில் தோற்பது காதோரம்தான். அங்கே முடி மெல்லியது, திண்டு எட்டிப்பார்க்கும். திண்டின் முனையைக் கூராக்கியதே அதற்காக; அப்படியும் தெரிந்தால் திண்டை ஒரு விரல் மேலே ஏற்றுங்கள், முடியை இழுக்காதீர்கள். நெற்றியோர முடியை இழுத்துக் கட்டினால் தலைவலி உடனே வரும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் அந்த ஓரத்தில் முடி கொட்டவும் செய்யும்.

பழகிய கைக்கு 45 நிமிடம், முதல்முறை ஒன்றரை மணி நேரம். முடி தோளுக்குக் கீழே ஒரு சாண் இருந்தால் போதும். முடி அடர்த்தி குறைந்தவருக்கும் எடுபடும்; பருமன் எல்லாம் திண்டினுடையதுதானே. படப்பிடிப்பு, வரவேற்பு, காலம் குறிப்பிடாத வேடம் எதற்கும் நான்கில் இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. பாம்படூர் சீமாட்டியே பாத்திரமாக வரும் நாடகத்துக்கு மட்டும் கூடாது.

ஆண்களுக்கு

1950களில் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியோடு இந்தப் பாணி ஆண்களிடையே பரவியது. முடிதிருத்துபவரிடம் கேட்கும்போது குழப்பம் வருவது குயிஃபோடுதான். முன்முடி மட்டும் எழுந்தால் குயிஃப். உச்சி முழுவதும் எழுந்து பின்னுக்குப் போனால் பாம்படூர். மேலே 10 முதல் 15 செ.மீ., பக்கங்களில் ஒன்று இரண்டு செ.மீ. வேண்டும். ஈர முடியை டிரையரில் முன்னோக்கித் தள்ளி வேரை நிமிர்த்திய பிறகே பின்னுக்கு வாரணும். முடிக்குப் பூசும் களிம்பான பொமேடு அரைத் தேக்கரண்டி. உள்ளங்கையில் தேய்த்துப் பின்னாலிருந்து முன்னுக்குத் தடவுங்கள். முதலில் முன்னால் தடவினால் கனம் அங்கே சேர்ந்து நெற்றியில் சரியும். நெற்றிச் சுழி உள்ளவர்கள் நடுவில் எழுப்பப் போராடாமல், சுழி ஓடும் பக்கமே சாய்த்து வாருவது நல்லது. 15 நிமிட வேலை, ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

ஃபோந்தாஞ், ஆட்டுத்தலை இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுபவர்கள் பார்வையாளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். பத்து மீட்டருக்கு அப்பால் ஆட்டுத்தலைச் சுருள் ஒன்றுகூடத் தெரியாது, ஃபோந்தாஞ் தெரியும். ஆனால் ஃபோந்தாஞ் பதினான்காம் லூயியின் கடைசிக் காலத்துக்குரியது; அதைப் பாம்படூருக்கு வைப்பது பாட்டி காலத்துப் பொருளைப் பேத்திக்கு வைப்பது. அந்த இடத்தில் விக்குதான் வழி.

எதை வைத்தாலும் குத்திய ஊசிகளை எண்ணிக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், கழற்றும்போதும் எண்ணுங்கள். அடர்ந்த முடியில் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கி, இரவில் தலையணையில் குத்தும். பேக் கோம்பிங் செய்த முடியை வேரிலிருந்து வாராதீர்கள்; கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து இரண்டிரண்டு விரல்கடையாக மேலேறிச் சிக்கெடுங்கள். மாவுப்பொடி தூவிய தலையில் வெந்நீர் ஊற்றினால் மாவு கஞ்சியாகிவிடும். முதலில் காய்ந்த துண்டால் தட்டி உதிர்த்து, அகலப் பல் சீப்பால் வாரி எடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பூ போட வேண்டும்.